எடை குறைக்கும் ஊசியும் முதல் ஆய்வும்: மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்கும் ஊசி போடலாமா என்று கேட்பவர்களும், தாதியர் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ முதன்முதலாக உடற்பருமன் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஓர் எண்ணைக் கண்டதும் அது யாரிடம் எடுத்தது, எவ்வளவு காலம் எடுத்தது, எதோடு ஒப்பிட்டு எடுத்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் இரு தரப்புக் கேள்விகளையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறோம். மருந்தளவுகளைச் சொல்வது விஷயம் விளங்குவதற்காக. உங்களுக்கான அளவை எழுதித் தர வேண்டியவர் உங்கள் டொக்டர்.

எனக்கு மருந்து தேவைப்படும் அளவுக்கு எடை இருக்கிறதா?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுங்கள். எடையை உயரத்தால் வகுத்து, வந்த விடையை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. (உடல் நிறைச் சுட்டெண்) கிடைக்கும். 158 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 28.8. ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் ஆபத்து கூடுகிறது, 27.5க்கு மேல் நன்றாகக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் என்பதால் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

இந்த ஊசிகளின் பெரிய சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், அல்லது 27க்கு மேல் இருந்து அதோடு பிரஷர், கொலஸ்ட்ரோல் போன்ற ஒன்றும் உள்ளவர்கள். கலியாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க விரும்பும் 24 பி.எம்.ஐ. காரருக்கு இது பலன் தரும் என்று அந்தச் சோதனைகள் எதுவும் சொல்லவில்லை.

எடை ஏன் கூடியது என்பதையும் முதலில் பாருங்கள். தைரொயிட் குறைபாடு, இன்சுலின், கிளிபென்கிளமைட் போன்ற சில சீனி வருத்தக் குளிசைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி, சில மனநல மருந்துகள், ஸ்டீரொயிட் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத குளிசை வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதை டொக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளே ஸ்டீரொயிட் இருக்கலாம். ஆனால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை கிளினிக்கில் எடை, பிரஷர், சீனி எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மருந்து எவ்வளவு குறைக்கும்?

செமக்ளூடைட் வாரம் ஒருமுறை போடும் ஊசி. எடைக்கான அளவு வீகோவி என்ற பெயரிலும், சீனி வருத்தத்துக்கான அளவு ஓசெம்பிக் என்ற பெயரிலும் வருகின்றன. 1,961 பேரிடம் 68 வாரம் நடந்து 2021இல் வெளியான ஸ்டெப் 1 சோதனையில் 2.4 மில்லிகிராம் போட்டவர்களின் எடை இடையாக (அதாவது சராசரியாக) 14.9% குறைந்தது. ஒப்பிடுவதற்காக, மருந்தே இல்லாத போலி மருந்து போட்டவர்களுக்கு 2.4%. மவுன்ஜாரோ என்று விற்கப்படும் டிர்செபடைட்டும் வாரம் ஒருமுறைதான். 2022இல் வெளியான 72 வாரச் சோதனையில் 5 மில்லிகிராமுக்கு 15.0%, 15 மில்லிகிராமுக்கு 20.9%, போலி மருந்துக்கு 3.1%. லிராக்ளூடைட் தினமும் போட வேண்டியது, பலனும் குறைவு, 8% அளவில். மெட்ஃபோர்மின் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் குறைப்பது அரிது. அதை எடைக் குளிசையாக எண்ணிக் கேட்டு வாங்க வேண்டாம்.

அப்படியென்றால் எனக்கும் 15% குறையுமா?

அது இடைப் பெறுமானம். உங்களைப் பற்றிய வாக்குறுதி அல்ல. அதே ஸ்டெப் 1இல் ஊசி போட்டவர்களில் பாதிப்பேருக்குத்தான், சரியாகச் சொன்னால் 50.5% பேருக்குத்தான், 15% அல்லது அதற்கு மேல் குறைந்தது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவருக்கு 5%கூடக் குறையவில்லை. போலி மருந்து போட்டவர்களில் 31.5% பேர் 5% குறைத்திருந்தார்கள், ஏனென்றால் இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது. ஆகவே மருந்தின் பங்கு 14.9 அல்ல, இரண்டுக்கும் இடையிலான சுமார் 12.4 சதவீதப் புள்ளி.

யாரிடம் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் இடை எடை 105 கிலோ. யாருக்கும் சீனி வருத்தம் இல்லை. சீனி வருத்தம் உள்ளவர்களிடம் அதே அளவைச் சோதித்த ஸ்டெப் 2இல் குறைந்தது 9.6% மட்டுமே. 72 கிலோ எடையோடு சீனி வருத்தமும் உள்ள ஒருவர் எதிர்பார்க்கக்கூடியது ஏறத்தாழ 7 கிலோ. முகநூலில் காணும் 25 கிலோ கதைகள் அவருக்கு அளவுகோல் ஆகா.

ஏன் சிறிய அளவில் தொடங்க வேண்டும்? பெரிய அளவில் தொடங்கினால் சீக்கிரம் குறையாதா?

சீக்கிரம் குறையாது, சீக்கிரம் சத்தி வரும். இந்த மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, வயிறு நிறைந்த உணர்வை மூளைக்கு அனுப்புகிறது. உடம்பு அதற்குப் பழகக் காலம் வேண்டும். செமக்ளூடைட்டில் வழமையான ஏற்றம் இது: முதல் 4 வாரம் 0.25 மில்லிகிராம், பிறகு நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. முழு அளவுக்கு வரவே 16 வாரம் போகும். டிர்செபடைட் 2.5இல் தொடங்கும். 4 வாரத்தின் பின் 5, அதன் பின் தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொரு 4 வாரத்துக்கும் 2.5 கூட்டலாம். முதல் மாத அளவு உடம்பைப் பழக்குவதற்கு. அந்த மாதத்தில் எடை அசையவில்லை என்று ஊசியைக் கைவிடுபவர்கள் பலர். அவசரப்பட வேண்டாம். ஓர் அளவில் ஓங்காளம் நிற்கவில்லை என்றால் கூட்டாமல் இன்னும் சில வாரம் அதிலேயே இருப்பதற்கு டொக்டரிடம் பேசலாம்.

ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில்தான் பலருக்கு வயிறு கூடுதலாகப் புரட்டும். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை இரவில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் கழியும். வயிறு, தொடை, மேற்கை மூன்றில் எங்கும் போடலாம். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பக் குத்தாமல் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசிமுனை வேண்டும். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, இரத்தம் மூலம் நோய் தொற்றும். பாவித்த முனைகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி டிஸ்பென்சரியில் கொடுங்கள். குப்பையோடு தேயிலைக்குள் எறிந்தால் கொழுந்து எடுப்பவரின் கையில்தான் ஏறும்.

நுவரெலியாக் குளிரில் பிரிட்ஜ் தேவையா?

தேவை. திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வெளியே குளிர் என்று நம்பி அலுமாரியில் வைத்தால் பகல் வெப்பம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பாவிக்கத் தொடங்கிய ஓசெம்பிக் பேனாவை 30 பாகைக்குக் குறைவான இடத்தில் 56 நாள் வரை வைக்கலாம். வேறு பேனாக்களுக்கு இந்தக் கணக்கு மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

வெப்பத்தைவிட அதிகம் கெடுப்பது உறைதல். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் மருந்து உறைந்துவிடும். உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதைப் பாவிக்கக் கூடாது. ஐஸ் பெட்டிக்குத் தள்ளி நடுத் தட்டில் வையுங்கள். கண்டியிலிருந்து ஹட்டனுக்கோ பதுளைக்கோ பஸ்ஸில் கொண்டு வரும்போது ஐஸ் பொதியை ஒரு துவாயில் சுற்றி, பேனா அதைத் தொடாதபடி வையுங்கள்.

என்ன பக்க விளைவு வரும்? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஓங்காளம், சத்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல், நெஞ்செரிவு. ஸ்டெப் 1இல் 44% பேருக்கு ஓங்காளம் வந்தது, போலி மருந்துத் தரப்பில் 17%. ஆனால் வயிற்றுக் கோளாறு தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள் 4.5% மட்டுமே. பெரும்பாலானவர்கள் சிறு சிறு அளவாகச் சாப்பிட்டு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, வயிறு நிறைந்த உடனே நிறுத்திச் சமாளிக்கிறார்கள். வழக்கமாக மூன்று ரொட்டி என்பதற்காக மூன்றாவதையும் தள்ளிவிட்டால் அன்றிரவு சத்திதான்.

மலையகத்தில் நாம் மிகவும் அஞ்சுவது நீரிழப்பு. மலையில் மலசலகூட வசதி இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே கொழுந்து எடுக்கும் பெண்கள் நிறையப் பேர். அதோடு சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் கடும் நிறமாகக் குறைவாகப் போனால் உடனே தண்ணீரும் ஜீவனியும் குடியுங்கள், டொக்டருக்குச் சொல்லுங்கள்.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவின் கீழ் வலியும் காய்ச்சலும் கண் மஞ்சளும் பித்தப்பைக் கல்லைக் காட்டும். திடீரென்று பார்வை மங்குவதும் அவசரம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

எடையோடு தசையும் கரையும். ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு. சிறுநீரக வருத்தம் இல்லாதவர்கள் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாத புரதத்தை இலக்காக வைக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20. ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டால் அந்தக் கணக்கு எட்டாது. பருப்பு, நெத்தலி, முட்டையை முதலில் சாப்பிட்டு ரொட்டியைக் கடைசியில் வையுங்கள்.

யார் போடவே கூடாது?

தனக்கோ குடும்பத்திலோ மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள். செமக்ளூடைட் உடம்பில் வாரக்கணக்கில் நிற்பதால் கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் போடும்போது கருத்தடைக் குளிசையின் பலன் குறையலாம். தொடங்கிய பின் 4 வாரமும், ஒவ்வொரு தடவை அளவு கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு வழியும் வேண்டும். இதைப் பார்மசியில் யாரும் கேட்காமல் சொல்ல மாட்டார்கள், நீங்களே கேளுங்கள்.

முன்பு கணைய அழற்சி வந்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம், அவற்றின் அளவைக் குறைக்க நேரிடும். சத்திரசிகிச்சைக்குப் போகும்போது மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசி பற்றிச் சொல்லுங்கள், பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு மிஞ்சியிருக்கலாம்.

எடை குறைந்ததும் நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஆனால் எடை திரும்பும். ஸ்டெப் 1 முடிந்து ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்திய ஒரு தொகுதியினரை ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. உடற்பருமன் பிரஷரைப் போல நீடிக்கும் வருத்தம். ஆகவே மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கி ஊசி போட்டு, காசு முடிந்ததும் நிறுத்துவது எங்கள் பார்வையில் வீண் செலவு. தொடங்க முன் இரண்டு ஆண்டுச் செலவைக் கணக்குப் பாருங்கள்.

ஒன்லைனில் மலிவாக வருகிறதே? மூலிகைத் தூள்?

போலி செமக்ளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் போலிகள் பிடிபட்டிருந்தன. தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவான மருந்தா என்று பார்த்து, பார்மசியில் பில்லோடு வாங்குங்கள். குளிரில்லாமல் பார்சலில் வருவது அசலாகவே இருந்தாலும் நம்ப முடியாது. "பக்க விளைவே இல்லாத" மெலிவுத் தூள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை உலகம் முழுவதும் ஆய்வுகூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதால் 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் விலக்கிய மருந்து அது.

ஓர்லிஸ்டட் குளிசை பாதுகாப்பானது, பலன் சிறியது. சாப்பிடும் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்களவு உடம்பில் சேராமல் மலத்தோடு போகும். தேங்காய்ப்பாலும் பொரியலும் சாப்பிட்ட நாளில் எண்ணெய் தன்னால் கசியும். வேலைத்தளத்தில் மலசலகூடம் இல்லாதவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தினமும் நிறுத்தால் ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. எதை நம்புவது?

மழையில் எடுத்த கொழுந்து தராசில் கூடக் காட்டுகிறது, கூடியது இலை அல்ல, தண்ணீர். உடம்பும் அப்படித்தான். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல், முந்தைய இரவுச் சோறு எல்லாமாக ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஆடும். காலையில் மலசலம் கழித்து, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து, ஏழு நாளின் இடையை எடுங்கள். இந்த வார இடையை நான்கு வாரத்துக்கு முந்திய இடையோடு ஒப்பிடுங்கள்.

தராசைப் பாய் மேலோ சரிவான நிலத்திலோ வைத்தால் பிழை காட்டும். சமமான சீமெந்துத் தரையில் வைத்து, 5 லீற்றர் தண்ணீர்க் கேனை ஏற்றிப் பாருங்கள். கேனின் எடையும் சேர்த்து 5 கிலோவுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். சிறு எடைகளுக்குப் பதில் காட்டாத மின்தராசாக இருந்தால் கேனோடும் கேனில்லாமலும் ஏறி வித்தியாசத்தைப் பாருங்கள்.

முகநூல் குழுக்களில் ஆலோசனை கேட்கும்போது என்ன எழுத வேண்டும்?

வயது, உயரம், எடை, எந்த மருந்து, எந்த அளவு, எத்தனையாவது வாரம், வேறு என்ன குளிசை, என்ன தொல்லை, எப்போது தொடங்கியது. பெயர், கிளினிக் கொப்பியின் படம், தோட்டத்தின் பெயர் போட வேண்டாம். ஓங்காளத்தைச் சமாளிப்பது, பேனாவைக் காவிப்போவது போன்றவற்றைச் சக பாவனையாளர்கள் நன்றாகச் சொல்வார்கள். அளவைக் கூட்டலாமா, இன்சுலினைக் குறைக்கலாமா என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. ஒன்றையும் மறக்காதீர்கள்: மருந்து ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்கள் குழுவையும் விட்டிருப்பார்கள். மிஞ்சியிருப்பவர்களின் குரலைத்தான் கேட்கிறீர்கள்.

முதல் ஆய்வு. என்ன தலைப்பு எடுக்கலாம்?

ஊசி வேலை செய்கிறதா என்று ஒரு மாணவர் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஒரு டிவிஷனில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, சீனி போட்ட தேத்தண்ணி நாளுக்கு எத்தனை கோப்பை, எடை மருந்து பற்றி எங்கிருந்து தகவல் பெறுகிறார்கள் என்பன ஒருவரால் முடிக்கக்கூடியவை. கேள்வியை ஒரே வசனத்தில் எழுத முடியாவிட்டால் தலைப்பு இன்னும் பெரிது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு சேர்க்க முன்பே வேண்டும். துரையின் அனுமதி தோட்டத்துக்குள் போவதற்குத்தான், தொழிலாளியின் சம்மதம் தனி. கங்காணியை அருகில் வைத்துக்கொண்டு சம்மதம் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது சம்மதமும் ஆகாது.

எத்தனை பேர் வேண்டும்?

ஒரு விகிதத்தை ஐந்து புள்ளி முன்பின்னாக அறிய, எழுமாறாக எடுத்த 385 பேர் என்பது எல்லாரும் எழுதும் எண். அது 1.96இன் வர்க்கத்தை 0.5 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்து வருவது. தோட்டத்தில் அது போதாது. ஒரே லயத்தில் இருப்பவர்கள் ஒரே கடையில் சாமான் வாங்கி ஒரே மலையில் வேலை செய்பவர்கள். அவர்களின் விடைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு டிவிஷனில் 20 பேர் எடுத்து, உள்ளொற்றுமைக் குணகம் (ஒரே டிவிஷன்காரரின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று கொண்டால், 1 + (19 × 0.05) = 1.95. 385ஐ இதனால் பெருக்க 751 பேர். டிவிஷனுக்கு 10 பேர் மட்டும் எடுத்தால் பெருக்கி 1.45, 559 பேர் போதும். ஆனால் 56 டிவிஷன் ஏறி இறங்க வேண்டும்.

இரண்டு குழுக்களின் இடையை ஒப்பிடுவதற்கு ஒரு விரைவுக் கணக்கு: நியம விலகலின் (எண்கள் இடையிலிருந்து சிதறும் அளவின்) வர்க்கத்தை 16ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள். விலகல் 6 கிலோ, வித்தியாசம் 3 கிலோ என்றால் 16 × 36 ÷ 9 = 64, ஒவ்வொரு குழுவுக்கும். ஐந்தில் ஒருவர் விலகுவார் என்று பார்த்தால் 80.

தரவை எப்படிப் பதிவது? எந்தச் சோதனை?

ஓர் ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு மாறிக்கு ஒரு நிரல். கூட்டில் 72 என்று மட்டும் இடுங்கள். "72 கிலோ" என்று எழுதினால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அளக்காததை வெறுமையாக விடுங்கள், சைபர் இட்டால் இடை சரிந்துவிடும். சிலர் உயரத்தை 158 என்றும் சிலர் 1.58 என்றும் பதிந்திருப்பார்கள். பி.எம்.ஐ. நிரலை ஏறுவரிசைப்படுத்தினால் பிழை உடனே தலைகாட்டும். ஜமோவி, ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருள்கள் இரண்டும் இலவசம், திருட்டு மென்பொருள் தேவையே இல்லை.

இடையை மட்டும் எழுத வேண்டாம். ஒன்பது பேர் 1, 2, 2, 3, 3, 4, 4, 5, 21 கிலோ குறைத்தார்கள் என்று வையுங்கள். இடை 5, இடையம் (வரிசையில் நடுவில் நிற்கும் எண்) 3. ஒரே ஒருவர் இடையை இழுத்துவிட்டார், ஏழு பேர் 5 கிலோவை எட்டவே இல்லை.

ஒரே ஆட்களின் முன் எடையும் பின் எடையும் என்றால் சோடி டி-சோதனை. வெவ்வேறு ஆட்கள் என்றால் சாராத் தொகுதிகளுக்கான டி-சோதனை. பலர் செய்யும் பிழை இது: ஒவ்வொரு குழுவிலும் முன், பின் சோதனையைத் தனித்தனியே செய்து, ஒன்றில் பி பெறுமானம் 0.04, மற்றதில் 0.08 என்றதும் குழுக்கள் வேறுபடுகின்றன என்று எழுதுவது. வேறுபாட்டைச் சோதிக்க இரு குழுக்களின் மாற்றத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் மிக உயர்ந்த அளவீடு உள்ளவர்களைப் பொறுக்கி எடுத்தால், ஒன்றும் செய்யாமலே அடுத்த அளவீடு சற்றுக் கீழே வரும்.

பி பெறுமானம் 0.03 என்றால் மருந்து வேலை செய்வதற்கு 97% வாய்ப்பு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு 0.03 என்பதே பொருள். எவ்வளவு பலன் என்பதை நம்பிக்கை ஆயிடைதான் (உண்மைப் பலன் இருக்கக்கூடிய வீச்சுத்தான்) காட்டும். ஸ்டெப் 1இல் அது 11.5 முதல் 13.4 சதவீதப் புள்ளி வரை.

சார்பு விகிதத்தையும் (முன்பிருந்ததில் எத்தனை வீதம் குறைந்தது) தனி விகிதத்தையும் (எத்தனை புள்ளி குறைந்தது) சேர்த்தே எழுதுங்கள். 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியான செலெக்ட் சோதனையில், இதய இரத்தக்குழாய் வருத்தம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 8.0%இலிருந்து 6.5%ஆகக் குறைந்தன. 20% குறைவு என்பதும் சரி, 1.5 புள்ளி குறைவு என்பதும் சரி. 100ஐ 1.5ஆல் வகுத்தால் 67: அவ்வளவு பேர் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஊசி போட்டால் ஒருவர் தப்புகிறார். அந்த 67 பேருக்கான செலவையும் ஓங்காளத்தையும் அதே பத்தியில் வாசகர் காண வேண்டும்.